நாற்பது கூனிக்கு ஒரே அச்சு

போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை கடலூரிலிருந்து விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறைக்குப் போனேன். நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பள்ளியில் கடல் உயிர்க் கண்காட்சி. அதற்காகக் கூனி எனப்படும், இறால் போன்ற சிற்றுயிர்களைப் பீங்கானில் செய்யச் சொல்லியிருந்தோம். சூளைக்குப் போகுமுன் பார்த்துவிட்டு வருவது என் பொறுப்பு.

ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். காலை 7.10 பஸ், இரண்டு மணி நேரப் பயணம். ஒப்பிட்டுப் பார்க்கக் கால் கிலோ காய்ந்த சென்னாக்கூனி பையில் வைத்திருந்தேன். நெய்வேலி வருவதற்குள் கண்டக்டர் மோப்பம் பிடித்துவிட்டார்.

"யாருங்க அது, பஸ்ஸுலயே கொழம்பு வைக்கிறது?"

நான் முந்திரித் தோப்பை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ் நிலையத்திலிருந்து பட்டறைக்கு ஆட்டோ எண்பது ரூபாய். பட்டறைக்காரர் செல்வி தனியாகத் தொழில் தொடங்கியபின் வந்த முதல் பள்ளி ஆர்டர் இது. ஈரத்துணியை விலக்கி நாற்பது கூனிகளைக் காட்டினார்.

"பாருங்க சார், தலமுடி அளவுகூட வித்தியாசம் இருக்காது."

இல்லைதான். பொம்மைத் தொழிலில் அதுதான் பெருமை. ஆனால் கண்காட்சியில் எங்கள் மேசையின் தலைப்பு 'கூனியில் எத்தனை வகை'. அதைச் சொல்லாமல் ஒரே ஒரு படத்தை அனுப்பிய தப்பு என்னுடையது. பல பட்டறைகளுக்குப் பொதுவான சூளை. மூன்று மணிக்கு அடுக்க வேண்டும். தவறவிட்டால் அடுத்த முறை எட்டு நாள் கழித்து. கண்காட்சியோ வியாழக்கிழமை.

செய்தித்தாளில் கூனியைக் கொட்டி, உருப்பெருக்குக் கண்ணாடியைச் செல்வியிடம் கொடுத்தேன்.

"எல்லாம் ஒண்ணுதான சார்... அடடே, இது பக்கவாட்டுல நசுங்கிக் கெடக்குது!"

"நசுங்கலம்மா. அதோட உடம்பே அப்படித்தான்."

"இது வயித்துக்குக் கீழ பை வச்சிருக்குது?"

"குஞ்சுகளச் சுமக்குற பை."

ஒன்று பாசியைத் தின்னும். இன்னொன்று செத்ததைத் தின்று கடலடியைக் கூட்டிப் பெருக்கும். கடைசியில் எல்லாமே மீனுக்குச் சாப்பாடு. இவை இல்லாவிட்டால் மத்திக்குப் பட்டினி; மத்தியைத் தின்னும் சீலாவுக்கும் பட்டினி. இப்படி நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே செல்வி எழுந்து போய், கழிவுத் தட்டோடு திரும்பினார்.

"காலையில அச்சுலேர்ந்து எடுக்கையில கோணிப்போச்சுன்னு தூக்கிப்போட்டது. இதத்தான கேக்குறீங்க?"

அச்சு அசல் அந்தப் பக்கவாட்டுத் தட்டையன்! நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பிறகு மண் ஈரமாக இருக்கும்போதே வேலை ஓடியது. சிலவற்றை உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல அழுத்தினார். சிலவற்றின் வயிற்றில் மண் ஒட்டிப் பை வைத்தார். குண்டூசித் தலை அளவில் கண்களை உருட்டி ஒட்டியது நான். என்னுடையதில் பாதியைச் செல்வி பிய்த்துத் திரும்ப ஒட்டினார். இரண்டே முக்காலுக்கு முடிந்தது. சூளையில் முதலில் இளஞ்சூட்டில் ஈரம் போகக் காயவைத்துவிட்டுத்தான் சுடுவார்களாம்.

நீங்கள் போவதானால் காலையிலேயே போய்விடுங்கள். மதியத்துக்குமேல் எல்லோரும் சூளைப் பக்கம் போய்விடுகிறார்கள். ஆர்டர் கொடுக்கும்போது எதற்கு என்பதையும் சொல்லுங்கள். சென்னாக்கூனியை மூடி இறுகிய டப்பாவில் கொண்டுபோங்கள்.

செவ்வாய்க்கிழமை போனில் படம் வந்தது. கூடவே செல்வியின் குரல்: "நாப்பதும் உடையாம வந்துருச்சு சார். நல்லாப் பாத்துக்குங்க, ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது!"