தெற்குத் தெரு இல்லாத படங்கள்

என் அப்பா ஜெபசிங் போன பிப்ரவரியில் இறந்தார். தென்காசி பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஸ்டுடியோவில் ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்தார். தாடையைக் கொஞ்சம் இறக்கச் சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வயது அறுபத்தாறு.

பிறந்த ஊர் இலஞ்சி. பத்தாவது முடித்ததும் தென்காசியில் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்தார். சீசன் மாதங்களில் முதலாளி அவரைக் குற்றாலத்துக்கு அனுப்பிவிடுவார். அருவியில் குளித்துவிட்டு வரும் குடும்பங்களை நிறுத்திப் படம் எடுத்து, மறுநாள் காலை லாட்ஜில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அருவிக்கு முன்னால் ஒரு குடும்பம் தனியாக நிற்பது சீசனில் நடக்காத காரியம். பின்னால் கோமணத்தோடு பத்துப் பேர் நிற்பார்கள், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் ஒருவரைக் குப்புறப் போட்டு மிதித்துக்கொண்டிருப்பார். வாடிக்கையாளருக்கு அவர்கள் யாரும் படத்தில் இருக்கக்கூடாது. அருவியும் அவர்களும் மட்டும் வேண்டும். அப்பா படத்தை வெட்டப் பழகியது அங்கேதான். என்லார்ஜரில் வைத்துப் பெரிதாக்கும்போதே ஓரங்களைத் தள்ளிவிடுவார். மிச்சத்தைக் கட்டரில் நறுக்குவார்.

"படம் எடுக்கது பாதி வேல, வேண்டாததத் தள்ளுதது மீதி" என்பார். இதைப் பெருமையாகத்தான் சொல்லுவார். பிற்பாடு சொந்த ஸ்டுடியோ வைத்தபோதும் அதே கைதான். அவர் எடுத்த கல்யாணப் படங்களில் ஒரு மின்கம்பி, ஒரு தண்ணீர்க் குடம், யாரோ ஒருவருடைய பாதித் தோள், எதையும் பார்க்க முடியாது.

அம்மா கிறிஸ்டிக்குச் சொந்த ஊர் பெத்தேல்விளை. திருச்செந்தூருக்குத் தெற்கே கடற்கரையோரச் சிற்றூர். பனையும் கொஞ்சம் வள்ளங்களும் ஒரு பழைய கிறிஸ்தவக் கோவிலும் உண்டு. அம்மாவின் அக்கா ஜெபமலர் அங்கேயே வாழ்க்கைப்பட்டு, கோவிலுக்குத் தென்புறம் கடலைப் பார்த்த தெற்குத் தெருவில் இருந்தார். பதினான்கு வீடுகள் உள்ள தெரு. பெரியம்மா வீடு கடைசிக்கு முந்தினது. பெரியப்பா கொத்தனார்; சிமெண்ட் மூட்டை கிடைக்கிறபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய வீடு. கட்டி முடித்த வருடமே அவர் போய்விட்டார்.

ஒவ்வொரு வருடமும் மே மாதம் அசனப் பண்டிகைக்குப் போவோம். கோவில் பிரதிஷ்டை நாளில் ஊர் முழுக்க ஒரே பந்தலில் உட்கார்ந்து சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் சாப்பிடுவதற்கு அசனம் என்று பெயர். 2006இல் அப்பா முதல் டிஜிட்டல் கேமரா வாங்கினார். அந்த வருடம் சாப்பிட்ட கையோடு கோவில் கோபுரத்தில் ஏறி, மணிக்குப் பக்கத்தில் இருக்கும் ஜன்னல் வழியாகக் கடலைப் படம் எடுத்தார். இடது பக்கம் தென்னைகளும் வள்ளங்களும் மணலும் கோவில் மதில் மூலையும் இருந்தன. வலது பக்கம் தெற்குத் தெரு.

அசனத்தன்று எச்சில் இலைகளைத் தெற்குத் தெரு முக்கில்தான் கொட்டுவார்கள். நாய்களும் காக்கைகளும் மேலே விழும். கிடாரங்களைக் கழுவிய தண்ணீர் தெருவில் ஓடும். படத்தைப் பெரிதாக்கிப் பெரியம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் முகம் சுருங்கியது.

"ஏன் தம்பி, எச்சி எலையையுமா படம் எடுப்பாவ? எங்கொடியில பாவாட காயுதது வரைக்கும் தெரியுது. ஊர்ல நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாவ?"

"தப்புதான் மைனி. அந்தப் பக்கத்த எடுத்துருதேன்."

"எடுத்துருங்க. கடல மட்டும் வச்சுக்கிடுங்க. அதுக்குக் கொடியுங் கெடையாது பாவாடையுங் கெடையாது."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா அந்தப் பிரதியையும் திரும்ப வாங்கிக்கொண்டு, அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டார். மறுவருடம் அந்த வெட்டிய படம் கோவில் காலண்டரில் வந்தது. பிறகு ஒவ்வொரு வருடமும் வந்தது. அதே நாள், அதே ஜன்னல், பெரும்பாலும் அதே லென்ஸ். ஸ்டுடியோவுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சங்கரபாண்டி மாமா கேலி செய்வார்.

"வே ஜெபசிங்கு, கைக்கெட்டுத தூரத்துல குத்தாலம் கெடக்கு. அத விட்டுட்டு நூறு மைல் போயி மணிக் கயித்தப் பிடிச்சுத் தொங்குதீராமே?"

"குத்தாலத்துல எவன் தலைய வெட்டன்னு தெரியாதுவே. அங்கன ஒரு பக்கந்தான் வெட்டணும்."

2009இல் நான் சிவில் இன்ஜினியரிங் கடைசி வருடம். ஸ்டுடியோவில் ஒரு பழைய கம்ப்யூட்டர். ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று அப்பா கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு படமும் இரண்டு இரண்டாக இருந்தது. வெட்டாதது ஒன்று, வெட்டியது ஒன்று.

"ரெண்டு எதுக்குப்பா?"

"ஒண்ணு பழசு, ஒண்ணு நம்மது. இருக்கட்டுமேம்மா."

"பாஸ்போர்ட் படத்துக்கெல்லாம் பழசு எதுக்கு? வெட்டுனதும் அதே பேர்லயே சேவ் பண்ணுங்க. புதுசு மட்டும் நிக்கும். இடமும் மிச்சம்."

அரை மணி நேரத்தில் எல்லாப் பழையதையும் அழித்துக் கொடுத்தேன். மெமரி கார்டையும் அன்றன்றைக்கே துடைத்துவிடச் சொன்னேன். எந்தக் கோப்புறையில் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கவில்லை. அப்பா நான் சொன்னதை ஒரு தாளில் எழுதிக் கம்ப்யூட்டர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார். மகள் இன்ஜினியர். அவள் சொன்னால் சரியாக இருக்கும்.

பெத்தேல்விளைக்கு வடக்கே இரண்டு கிலோமீட்டரில் தூண்டில் வளைவு போட்டார்கள். கடலுக்குள் நீளும் கற்சுவர். அது ஒரு பக்கம் மணலைச் சேர்க்கும், மறு பக்கம் பறிக்கும். நாங்கள் மறு பக்கத்தில் இருந்தோம். வருடா வருடம் கரை உள்ளே வந்தது. 2023இல் ஊர்க் கமிட்டி மனுக் கொடுத்தது. விசாரிக்க வந்த அதிகாரி கேட்டது நியாயமான கேள்வி: முன்னால் கரை எங்கே இருந்தது, எதை வைத்துச் சொல்கிறீர்கள்? கமிட்டிக்காரர்கள் காலண்டர்களைக் காட்டினார்கள். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "அழகா இருக்கு. அளக்க முடியுமா?" என்றார்.

அதற்குள் நான் கடற்கரை அளவீட்டில் மேற்படிப்பு முடித்துச் சென்னையில் ஒரு நிறுவனத்தில் வேலையில் இருந்தேன். அளக்க முடியும் என்று சொன்னவள் நான்தான். ஒரே உயரத்திலிருந்து, ஒரே நாளில், பதினெட்டு வருடம் எடுத்த படங்கள். என் தொழிலில் இப்படி ஒரு தொகுப்பு யாருக்கும் சும்மா கிடைக்காது. படத்தில் இடம் மாறாத இரண்டு பொருள்கள் இருந்தால் போதும், அவற்றை இன்றைக்கு நேரில் அளந்து, அன்றைக்குக் கரை எங்கே இருந்தது என்று கணக்கிடலாம். வடக்கே மதில் மூலையும் கொடிமர மேடையும் இருந்தன. தெற்கே தெருவின் வீடுகளே போதும்.

பெரியம்மாவிடம் போனில் சொன்னேன். "கவலப்படாதீங்க. அப்பா படம் ஒங்க வீட்டக் காப்பாத்தும்."

மடிக்கணினியோடு தென்காசிக்கு வந்தேன். அப்பா பதினெட்டுப் படங்களையும் வரிசையாகத் திறந்து காட்டினார். ஒன்றைவிட ஒன்று அழகு. எல்லாவற்றிலும் வலது ஓரத்தில் வெறும் கடல்.

"வெட்டாதது எங்கப்பா?"

அப்பா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மஞ்சளாகிப்போன அந்தத் தாள் இன்னமும் ஓரத்தில் ஒட்டியிருந்தது. என் கண் அதன்மேல் போனதை அவர் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லம்மா. எல்லாத்தையும் வெட்டிட்டேன்" என்றார். வெட்டிட்டேன் என்றுதான் சொன்னார். அதற்குப் பிறகும் வேறு வார்த்தை சொல்லவில்லை.

அழித்ததை மீட்கும் மென்பொருள்களை ஓட்டிப் பார்த்தேன். பதினான்கு வருடமாக அதே வட்டில் தென்காசியின் பாஸ்போர்ட் முகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்தன. எதுவும் வரவில்லை. செயற்கைக்கோள் படங்களைப் பார்த்தேன். எங்களுக்குக் கிடைத்த பழையவற்றில் கரை மங்கலாக இருந்தது. சில வருடங்கள் முழுக்க மேகம்.

இருந்ததை வைத்து அறிக்கை தயாரித்தேன். வடக்குப் பகுதியில் 2006இலிருந்து முப்பத்தெட்டு மீட்டர் கரை போயிருக்கிறது. தெற்குப் பகுதி: தரவு இல்லை. என் தொழிலில் அப்படித்தான் எழுத வேண்டும். இல்லாததை எழுதினால் இருப்பதையும் நம்ப மாட்டார்கள்.

இருநூற்றுப் பத்து மீட்டருக்குத் தடுப்புச்சுவர் ஒப்புதலானது. கோவிலுக்கும் வள்ளங்களுக்கும் தென்னைகளுக்கும் முன்னால் போய், தெற்குத் தெரு முக்கில் நின்றது. தரவு இல்லை என்பதை அரிப்பு இல்லை என்று படித்திருக்கிறார்கள். நான் போன் செய்தேன். கடிதம் எழுதினேன். அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள்.

சுவர் முடியும் இடத்தில் அலை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். இரண்டாம் செமஸ்டர் பாடம். கல்லில் மோதித் திரும்பும் வேகமெல்லாம் சுவரின் முனைக்கு அப்பால் இருக்கும் மணலைத்தான் தோண்டும். சுவரே இல்லாதிருந்தால் பெரியம்மா வீடு இன்னும் ஐந்தாறு வருடம் நின்றிருக்கும்.

அப்பாவிடம் இதை விளக்கினேன். ஏன் விளக்கினேன் என்று தெரியவில்லை. படம் வரைந்து, அம்புக்குறி போட்டு விளக்கினேன். அவர் முழுவதும் கேட்டார். "அப்ப மைனிட்ட என்ன சொல்லணும்?" என்று மட்டும் கேட்டார்.

"அடுத்த கட்டத்துல வரும்னு சொல்லுங்க."

அவர் அதைச் சொல்லவில்லை. தனியாகப் பெத்தேல்விளைக்குப் போய் உண்மையைச் சொன்னார்: ஒங்க தெரு பதினெட்டுப் படத்துலயும் இருந்துச்சு மைனி, நாந்தான் வெட்டிட்டேன். பெரியம்மா உள்ளே போய்விட்டாராம். வாசலில் அரை மணி நேரம் நின்றுவிட்டுப் பேருந்து ஏறியிருக்கிறார். இதை அம்மா எனக்குச் சொன்னாள்.

சுவர் கட்டி முடித்த வருடமே நவம்பரில் கடல் வந்தது. முதலில் பெரியம்மாவின் அடுப்படி, இரண்டு நாளில் முன்னறை. தெருவில் ஐந்து வீடுகள் போயின. பெரியம்மா பக்கத்து ஊரில் ஓர் ஓட்டு அறைக்குக் குடிபோனார். டிசம்பரில் அப்பா கேமராவைப் பெட்டியில் வைத்தார். பாஸ்போர்ட் படத்துக்கு மட்டும் வெளியே எடுப்பார். அவை வெட்டாமல் முடியாதவை. வெட்டும்போது அளவு தவறுகிறது என்று சங்கரபாண்டி மாமா சொன்னார். "ஒரு காது போச்சுன்னு ஒருத்தன் திருப்பிக் கொண்டாந்தாம்மா. ஒங்கப்பா தொழில்ல அப்படி ஒண்ணு நான் பாத்ததில்ல."

அப்பாவின் அடக்கத்துக்குப் பெரியம்மா வந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சத்தமாகச் சொன்னார். போதகர் ஐயர் ஜெபத்தை நிறுத்தும்படி ஆயிற்று.

"எலையும் நாயும் அசிங்கம்னு எந்தெருவையே தள்ளுனீரு. இப்ப உம்ம எவன் வச்சுக்கிட்டான்? பாரும், உம்மையுந் தள்ளியாச்சு."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். வெட்டச் சொன்னது பெரியம்மாதான் என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. மிச்சத்தை அழித்தது யார் என்பதும். இரண்டையும் நான் சொல்லவில்லை. பெட்டி எடுக்கும் வரைக்கும் எதிரிலேயே நின்றேன்.

ஏப்ரலில் பெரியம்மா எனக்குப் போன் செய்தார். வீடு இழந்ததற்கு நிவாரணம் கொடுக்கிறார்கள். குடிசைக்கு ஒரு தொகை, கட்டிய வீட்டுக்கு அதைவிடப் பெரிய தொகை. வரி ரசீது வீட்டோடு போய்விட்டது. கட்டிய வீடுதான் என்பதற்கு ஒரு படம் வேண்டும்.

"ஒரு படங்கூடவா இல்லட்டி? ஓரத்துல, பாதியாவது?"

"இல்ல பெரியம்மா."

படத்துக்குப் பதிலாக ஒரு கடிதம் எழுதினேன். இத்தனை படங்கள் எடுக்கப்பட்டன, அவற்றில் இன்ன வீடு இருந்தது, காங்கிரீட் கூரை, 2009இல் மூலப் படங்கள் என் அறிவுறுத்தலின்பேரில் என் கையாலேயே அழிக்கப்பட்டன, அதன் பிறகு எடுத்தவையும் நான் சொல்லிக்கொடுத்த முறையிலேயே அழிந்தன. பட்டம், பதவி, கையெழுத்து, முத்திரை. பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் பொறுமையாக இரண்டு முறை படித்தார்.

"தெளிவா எழுதிருக்கீங்க மேடம். படம் எங்க?"

"படம் இல்லங்கதுக்குத்தான் இந்த லெட்டர்."

"அப்ப குடிசைன்னுதான் போட முடியும்." கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். பெரியம்மா கையை நீட்டினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வரிக்கு வரி நகர்த்தி மெதுவாகப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. திரும்ப அந்த வரியின் தொடக்கத்துக்குப் போனது.

"இது நீயா?"

"ஆமா."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எங்கிட்ட வந்து நாந்தான் வெட்டுனேன்னு மட்டுந்தான சொன்னாரு."

பெரியம்மா தாளை மடித்தார். பிரித்தார். மறுபடியும் மடித்தார்.

"பொணத்துக்கு முன்னால எம்புட்டுப் பேசுனேன். நீ எதுத்தாப்புலதான நின்ன. ஒரு வார்த்த சொல்லிருக்கப்பிடாதாட்டி, பாவி?"

அன்றைக்கு என்னோடு தென்காசிக்கு வருவதாகத்தான் பேச்சு. பெரியம்மா வரவில்லை. தன் பைக்கட்டை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கப் பேருந்து நிறுத்தத்துக்குப் போய் நின்றார்.