அப்பாவுக்குச் சுடாத குண்டம்

சீழைப் பார்த்தால் எனக்குக் குமட்டும். நர்சிங் படிக்க வந்தவள் இதை வெளியே சொல்லக் கூடாதாம். முதல் வருடத்தில் ஒரு மேடத்திடம் சொன்னேன். "போகப் போகப் பழகிவிடும்" என்றார். பழகவில்லை. படித்து முடித்து வேலைக்கும் வந்துவிட்டேன், இன்றும் ஆறாத புண்ணின் கட்டைப் பிரிக்கும்போது வயிறு ஒரு புரட்டு புரட்டுகிறது. முகத்தில் காட்டாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான்.

இரண்டாம் வருடம் கோயம்புத்தூரில் எங்களுக்கு நோய்க்குறியியல் பாடம் நடந்தது. உடம்பில் எங்காவது காயம் பட்டாலோ கிருமி புகுந்தாலோ அந்த இடம் சிவக்கும், சுடும், வீங்கும், வலிக்கும், வேலை செய்யாது. இந்த ஐந்தையும் வகுப்பு மொத்தமும் வாய்ப்பாடு போல ஒப்பித்தது. அடுத்த வாரமே சர்க்கரை நோய் வந்தது. ரத்தத்தில் சர்க்கரை பல வருடம் ஏறியே கிடந்தால் பாதத்து நரம்புகள் கெடும். கெட்ட நரம்பு வலியைச் சொல்லாது, சூட்டையும் சொல்லாது. மெல்லிய ரத்தக் குழாய்கள் அடைத்துப்போகும், புண் ஆறத் தேவையான ரத்தம் அங்கே போய்ச் சேராது. புத்தகத்தில் இதற்கெல்லாம் மடிப்புக் கலையாத பெயர்கள் இருந்தன, பக்கத்திலேயே வழவழவென்று வண்ணப் படங்கள். நாற்றத்தைப் பற்றி மட்டும் ஒரு வரி கிடையாது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் நடத்தக்கூடிய பாடமாக அதை ஆக்கி வைத்திருந்தார்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது. என் தாத்தா காலம் வரைக்கும் நாங்கள் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள். அப்பாதான் லோன் போட்டு லோடு ஆட்டோ வாங்கி, உடுமலைப்பேட்டையைச் சுற்றியுள்ள தோப்புகளில் இருந்து கொப்பரைக் களங்களுக்குத் தேங்காய் ஓட்டிக்கொண்டிருந்தார். உடம்பு நன்றாக இருக்கும்போது மாத்திரை எதற்கு என்பது அவர் கட்சி. நான் நர்சிங் சேருவதற்கு முன்னால் ஒருமுறை கடைக்குப் போனவர் ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்தார். "எங்க கழண்டு உளுந்துச்சுன்னே தெரியல கண்ணு" என்று அவரே சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அதற்குப் பெயர் இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அந்தப் பாடம் படித்ததற்கு அடுத்த வருடம், எங்கள் ஊர் மாரியம்மன் கோவில் நோன்புத் திருவிழாவில் அப்பா குண்டம் இறங்க, அதாவது தீ மிதிக்க, காப்புக் கட்டினார். எனக்கு நர்சிங் சீட் கிடைத்ததற்கான வேண்டுதல். காப்புக் கட்டியவர் வீட்டில் கறி ஆகாது, தீட்டு ஆகாது. விரதம் சுத்தமாக இருந்தால் நெருப்பு சுடாது. சுட்டால், கொப்புளம் வந்தால், விரதத்தில் எங்கோ குற்றம் நடந்திருக்கிறது என்று அர்த்தம். அதனால் குண்டம் இறங்கியவர் யாரும் காலுக்கு மருந்து போடமாட்டார்கள், மஞ்சளும் திருநீறும்தான். மருந்து போட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி.

எனக்கு அப்போது பிரசவ வார்டில் போஸ்டிங். லீவு கேட்டு, உக்கடத்தில் பஸ் ஏறி, நோன்புக்கு முந்தின நாள் வீடு வந்து சேர்ந்தேன். வாசலிலேயே அத்தை மறித்தார். அப்பாவுக்கு அக்கா, பக்கத்து வீடு. எங்கள் ஊரில் ஒருத்தரைத் தள்ளி நிற்கச் சொல்வதையும் மரியாதையாகத்தான் சொல்வார்கள்.

"பிரசவம் பாக்கற எடத்துல நின்னுபோட்டு நேரா ஊட்டுக்குள்ள வந்தா எப்படி அம்மணி? காப்புக் கட்டியிருக்கற ஊடுங்கறது தெரியாதுங்களா?"

பிறந்த குழந்தையைத் துடைத்து எடுத்த கை தீட்டு. அத்தையையும் ஒரு கைதான் அப்படித் துடைத்து எடுத்திருக்கும். இதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பா மஞ்சள் வேட்டியோடு வெளியே வந்து, "அது குளிச்சுப்போட்டுத்தானுங்க வந்திருக்குது. நீ உள்ள வா கண்ணு" என்றார். உள்ளே போனேன்.

மறுநாள் விடிந்ததும் குண்டம். கங்கு செக்கச்செவேல் என்று கிடந்தது. மற்றவர்கள் வேப்பிலையைப் பிடித்துக்கொண்டு ஓட்டமாக ஓடிக் கடந்தார்கள். அப்பா ஓடவில்லை. வரப்பில் நடப்பது போல நிதானமாக நடந்து வந்தார். கூட்டம் கத்தியது. பெண்கள் குலவை போட்டார்கள். கரையேறியவர் என்னைத் தேடி வந்து, "சுடவே இல்ல கண்ணு. பூ மேல நடந்த மாதிரி இருந்துச்சு" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

சுற்றி இருந்தவர்கள் அவர் காலில் விழுந்து எழுந்தார்கள். அத்தை அழுதார். ஆத்தா கையில் ஏந்திக்கொண்டாள் என்றார்கள். அந்தப் பாதங்களில் நரம்பு செத்துவிட்டது என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும் தெரிந்தது. நோயை விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, பாதத்தைக் காட்டுங்க" என்றேன்.

"அதெல்லாம் பாக்கக் கூடாது கண்ணு" என்று காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார். அதற்கு மேல் கேட்டால் அத்தை என்னைக் கோவிலை விட்டே அனுப்பியிருப்பார். ஹாஸ்டலுக்குப் போன பிறகு போன் செய்யும்போதெல்லாம் கேட்டேன். "ஜம்முனு இருக்குது கண்ணு, வண்டிக்குப் போயிட்டுத்தான இருக்கறேன்" என்பார். அம்மாவிடம் கேட்டால், பழந்துணி சுற்றியிருக்கிறார், தேங்காய் மட்டை குத்தியதாம் என்றார்.

பரீட்சை முடிந்து வீட்டுக்குப் போனேன். படியேறும்போதே நாற்றம். அம்மா பீரோவை நகர்த்திப் போட்டு செத்த எலியைத் தேடிக்கொண்டிருந்தார். "எந்தச் சந்துல செத்துக் கெடக்குதோ தெரியல, சாம்பிராணி போட்டும் போகமாட்டேங்குது" என்றார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா டிவியை விட்டுத் தலையைத் திருப்பவில்லை. வார்டில் அந்த வாடையை நான் முகர்ந்திருக்கிறேன். அது எலி இல்லை.

தரையில் உட்கார்ந்து துணியைப் பிரித்தேன். அவர் தடுத்தார், நான் கேட்கவில்லை. மஞ்சளும் திருநீறும் சீழில் குழைந்து அடை போல அப்பியிருந்தது. அதைத் தண்ணீர் விட்டு நனைத்து எடுத்தால் கீழே பாதி உள்ளங்கால் இல்லை. விரல்கள் கருத்துப்போயிருந்தன. குழிக்குள் புழுக்கள் நெளிந்தன. கெண்டைக்கால் வரைக்கும் சிவந்து, கொதித்து, வீங்கியிருந்தது. ஒப்பித்த ஐந்தில் வலி மட்டும்தான் இல்லை. அப்பா தன் காலை யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து ஓடிப்போய் ஜலதாரைச் சாக்கடையில் வாந்தி எடுத்தேன். பெற்ற அப்பா என்பதால் நாற்றம் குறையவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

"ஆசுபத்திரிக்குப் போலாம், எந்திரிங்க."

"வேண்டாம் கண்ணு. தீப்புண்ணுன்னு டாக்டரு பாத்ததீமே சொல்லிப்போடுவாரு. ஊருக்குள்ள தெரிஞ்சுபோயிரும்."

கால் அழுகி நாறுகிறது, ஊருக்குத் தெரிவதைப் பற்றிப் பேசுகிறார். கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அம்மா அழுதுகொண்டே வாடகைக் காரைக் கூப்பிட்டார். கோயம்புத்தூர் போய்ச் சேரும் வரைக்கும் நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, டிரைவர் மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு ஓட்டினார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

சர்ஜன் காலைப் பார்த்தார், ரத்தம் ஓடுகிறதா என்று பார்த்தார், முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார். விட்டால் விஷம் ரத்தத்தில் ஏறி ஆளே போய்விடுவார். அன்றைக்கே எடுத்தார்கள். வலது கால். பிரேக் மிதிக்கிற கால்.

அப்பாவுக்குப் பேசத் தெம்பு வந்த பிறகு அத்தை சாத்துக்குடிப் பையோடு வார்டுக்கு வந்தார். கட்டிலைப் பார்த்தார், கொஞ்ச நேரம் அழுதார். மூக்கைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "அன்னைக்கே சொன்னனுங்க. தீட்டோட ஊட்டுக்குள்ள வந்துச்சு. ஆத்தா சும்மா உடுவாளா?"

நான் சர்க்கரையைச் சொன்னேன், நரம்பைச் சொன்னேன், ரத்தக் குழாயைச் சொன்னேன். ஒற்றைச் செருப்போடு வந்த கதையையும் சொன்னேன். அத்தை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "படிச்சவங்க சொல்றீங்க" என்றார்.

அப்போது அப்பா தலையணையில் இருந்து எக்கி எழுந்தார். அக்காவிடம் குரல் உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதே இல்லை. "அவள ஒண்ணுஞ் சொல்லாதீங்க. அன்னைக்குச் சாயங்காலமே கொப்புளத்தப் பாத்துட்டேன். வெளிய தெரிஞ்சா அவ வந்ததுனாலதான்னு பேசுவீங்கன்னுதான் துணியச் சுத்திக்கிட்டேன். என்ற பொண்ணுக்கு இந்தப் பேரு வரக் கூடாதுன்னுதான் வாயத் தொறக்கல."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அத்தைகூட அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. துணி பிரித்த அன்று வந்த அதே குமட்டல் வந்தது. ஊரின் மேல், அத்தையின் மேல், எனக்காக ஒரு காலை அழுகவிட்ட அந்தப் பாசத்தின் மேல். யார் கேட்டார்கள் அதை? எனக்கு அருவருப்பாக இருந்தது, அதை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன்.

"இப்ப என்னங்கப்பா ஆச்சு? பேரும் வந்துருச்சு. காலும் போயிருச்சு."

அப்பா போர்வையை இழுத்து, கால் இருந்த இடத்தை மூடிக்கொண்டார்.