ஜவாதின் பச்சைச் சரி

“வந்திச்சா காக்கா, ஒருக்காப் பாருங்க.”

கடைக்கும் தெருவுக்குமாக நடந்தபடி ஜவாத் என்னைக் கேட்கிறார். எங்கள் பக்கம் காக்கா என்றால் அண்ணன். காலையிலிருந்து எனக்கும் பக்கத்துப் புடவைக்கடை றிபாத்துக்கும் மாறிமாறிச் சோதனை மின்னஞ்சல் அனுப்புகிறார். எங்கள் இருவருக்கும் எதுவும் வரவில்லை.

கல்முனையில் இணையத்தளம் செய்து கொடுப்பவர் ஜவாத். நிக்காஹ் பேச அவர் செய்த தளத்தில் ஒரு வீட்டார் எழுதினால், மறு வீட்டுக்கு மின்னஞ்சலாகப் போகும். மனிதர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நின்றுகொண்டே தட்டுவார், பால் விடாத பிளேன்டியை ஆறவிட்டுக் குடிப்பார், பள்ளிவாசலுக்குப் போனால் வேறு யாருடைய செருப்பிலோ திரும்பி வருவார்.

கடையின் ஒரே நாற்காலியில் இன்று மருதமுனைக் கச்சிமுகம்மது இருக்கிறார். மகள் சஹ்லாவை ஒலுவிலிலிருந்து பெண் கேட்டார்கள். அவளுக்கும் பிடித்திருந்தது. சம்மதம் என்று இவர் தளத்தில் எழுதினார். ‘அனுப்பப்பட்டது’ என்று பச்சைச் சரி அடையாளம் விழுந்தது. அங்கே போய்ச் சேரவில்லை. எங்கள் பக்கம் வேண்டாம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பதில் வராவிட்டால் அதுதான் பதில். மாப்பிள்ளை வீட்டார் இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு வேறு பெண் பார்க்கப் போகிறார்களாம். அழைத்தால் எடுக்கிறார்களில்லை.

“போய்த்து எண்டுதானே காட்டிச்சி, மகன்?” என்கிறார் கச்சிமுகம்மது, குரலை உயர்த்தாமல்.

ஜவாத் என்னைப் பார்க்கவில்லை. போனாலும் போகாவிட்டாலும் பச்சையே காட்டும்படி எழுதியவர் அவர்தான். “செவப்பில எழுத்து வந்தா சனம் பயந்திரும் காக்கா” என்று அப்போது பெருமையாகச் சொன்னார். ஊர் வழக்கத்தைத் தளத்துக்கும் பழக்கிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

பச்சை காட்டச் சொன்ன அந்த வரியை அழித்துவிட்டு மறுபடி அனுப்பிப் பார்த்தார். உடனே சிவப்பில் எழுத்து வந்தது: கடவுச்சொல் பிழை. போன வாரம் மின்னஞ்சல் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றியவர், அதைத் தளத்தில் மாற்ற மறந்திருக்கிறார். “இவ்வளவுதானா” என்று தலையில் அடித்துக்கொண்டு புதியதைப் போட்டு எனக்கு இன்னொன்று அனுப்பினார்.

என் போன் சத்தமிட்டது. “வந்திச்சு” என்றேன்.

அவர் திரும்பவேயில்லை. அதற்குள் தலையில் ஹெல்மெட் ஏறியிருந்தது.

“எழும்புங்க மாமா. ஒலுவிலுக்குப் போய் வாயால சொல்லிப்போட்டு வருவம்.”

மற்ற ஹெல்மெட்டை எடுத்து, கச்சிமுகம்மதின் தொப்பிக்கு மேலேயே கவிழ்த்து, குனிந்து நின்று அதன் வாரைப் பூட்டினார்.