சுவரில் இல்லாத தாய்மாமன்

வெண்ணிலா அக்கா செய்த படங்களிலேயே நீளமானது நெட்டப்பாக்கத்துப் பக்கம் ஒரு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதற்குப் பிறகு அவளைப் படம் எடுக்க யாரும் கூப்பிடவில்லை.

மதகடிப்பட்டு கூட்டு ரோட்டில் என் அத்தா உதுமான் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். நான் உள்ளே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் படங்களைத் திருத்தி பிரிண்ட் போடுவேன். வெண்ணிலா அக்கா வெளியே போய் எடுப்பாள். பெரிய மனுஷியான பெண்ணுக்குத் தண்ணீர் ஊற்றும் இடத்தில் ஆண்களை விடமாட்டார்கள். அவள் என்றால் அறைக்குள்ளேயே கூப்பிட்டு வைத்துக்கொள்வார்கள். அதனால் சுற்றுப்பட்டில் மஞ்சள் நீராட்டு என்றால், "அந்தப் பொண்ணு வருதா பாய்?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

பல படங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டி ஒரே படமாக்கும் வேலையை அவளாகவே பழகிக்கொண்டாள். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் சாப்பாட்டு மேசை ஒன்றை அப்படிச் செய்வதைச் செல்போனில் பார்த்தாள். மேசையின் இரண்டு பக்கமும், அடியில் இருந்த கால்களும் ஒரே படத்தில் தெரிந்தன. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஒரே ஆளு எத்தினி எடத்துல நின்னு பாக்குறாரு பாரு ஷைஸ்தா" என்றாள்.

முதலில் எங்கள் கடையையே எடுத்தாள். சாலைக்கு எதிர்ப்பக்கம் ஒரே இடத்தில் நின்றுகொண்டு கேமராவை மட்டும் திருப்பித் திருப்பி எடுத்தாள். பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்பினால், கிழித்த படத்தைச் சேர்த்து வைத்தது மாதிரி இருந்தது. அத்தா எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, நம்ம கடை மேல லாரி ஏறிடுச்சா?" என்றார்.

அடுத்த தடவை அவள் நடந்தாள். படியைக் குந்தி உட்கார்ந்து எடுத்தாள். பெயர்ப்பலகையை ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தாள். உள்ளே வந்து கல்லாவையும் அத்தாவின் வழுக்கையையும் எடுத்தாள். எடுக்க எடுக்க அவளுக்கே சில விதிகள் பிடிபட்டன. ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். முகம் ஓரத்தில் விழக் கூடாது. ஒட்டும்போது கோடு நேராக வரவில்லை என்றால் இழுத்து நேராக்கக் கூடாது, கோணலாகவே விட்டுவிட வேண்டும். அவள் ஒட்டி முடித்தபோது கடை ஒரு பக்கம் வீங்கியிருந்தது. ஆனால் பார்த்தால் உள்ளே போய் வந்த மாதிரி இருந்தது. அதை அத்தா கடையிலேயே மாட்டினார். பார்த்தவர்கள் அதற்கு "ஒட்டுப் படம்" என்று பெயர் வைத்துக்கொண்டு எங்களுக்கும் வேண்டும் என்றார்கள்.

அவளுக்கு அது ஏன் அத்தனை சீக்கிரம் கைவந்தது என்று எனக்கு மட்டும் தெரியும். பக்கவாட்டிலிருந்து டீ டம்ளரை நீட்டினால் அவள் வாங்கமாட்டாள். கண்ணாடிக் கதவில் இடித்துக்கொள்வாள். பொழுது சாய்வதற்குள் பஸ் ஏறிவிடுவாள். அவள் அம்மா காசம்மாள் அதை மாலைக்கண் என்று நினைத்து முருங்கைக்கீரையாக ஆக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். கண் ஆஸ்பத்திரிக்கு அவளுடன் நான்தான் போனேன். டாக்டரம்மா முதலில் கேட்டது, "அப்பா அம்மா சொந்தத்துல கட்டிக்கிட்டாங்களா?" என்பதுதான். காசம்மாளைக் கட்டியது அவருடைய தாய்மாமன்.

"குழாய் வழியா பாக்கற மாதிரி ஆகும்மா. நேரா இருக்கறது தெரியும். ஓரம் குறைஞ்சிட்டே வரும். எவ்வளவு வேகமான்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா.

திரும்பும்போது பஸ் வில்லியனூரைத் தாண்டியது. பிறகு, "யாருகிட்டயும் சொல்லாத. தெரிஞ்சா கேமராவப் புடுங்கிடுவாங்க. கேமராவுக்கும் ஓரம்னு ஒண்ணு கீதுல்ல, அதுக்குள்ளதான நா பாக்கணும்" என்றாள். நான் சொல்லவில்லை.

நெட்டப்பாக்கத்துப் பக்கத்திலிருந்து தனக்கொடி அக்கா மகளின் மஞ்சள் நீராட்டுக்குச் சொல்ல வந்தபோது அவர் முகமே மலர்ந்திருந்தது. பாகூரில் இருக்கும் அவருடைய அண்ணன் சிங்காரவேலு பல வருஷமாகப் பேச்சை விட்டிருந்தார். காரணம் ஒரு பத்திரிகை. புது வீட்டுக்குக் குடிபோனபோது தனக்கொடி அக்கா பத்திரிகையை அண்ணனுக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார். நேரில் வந்து தாம்பூலம் வைத்துக் கூப்பிடாத வீட்டில் கால் வைக்கமாட்டேன் என்று அவர் வரவே இல்லை. இந்த முறை தனக்கொடி அக்கா புருஷனோடு பாகூருக்குப் போய் தட்டு வைத்து அழைத்திருந்தார். அண்ணனும் தாய்மாமன் சீர் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டார்.

"சீர் வரிசை தெரு முழுக்க வரும் பாய். அது மொத்தமும் ஒட்டுப் படமா செவுத்துல வேணும். எங்கண்ணன் வந்தத ஊரு பாக்கணும்" என்றார்.

சீர் டிராக்டரில் வந்து பிள்ளையார் கோயிலிலிருந்து மேளத்தோடு தெருவில் இறங்கியது. வெண்ணிலா அக்கா வரிசைக்கு எதிராக நடந்துகொண்டே எடுத்தாள். மேடையில் மாலை போட்டது, நலங்கு வைத்தது எல்லாம் எங்கள் கடையின் இன்னொரு கேமராக்காரன் எழிலரசன் எடுத்து ஆல்பத்துக்குப் போனது. தெருவில் எடுத்ததை அக்கா எங்கள் கடைத் தரையில் பரப்பி, பலகையில் ஒட்டி, ஓர் ஆள் நீளத்துக்கும் மேலே ஒரு படம் செய்தாள். தட்டுகள், புடவைகள், பழக்கூடைகள், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிய பெண்கள் என்று தெரு வளைந்து வளைந்து போனது. எங்களுக்கே பெருமையாக இருந்தது. யார் யார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

மறுவாரம் தனக்கொடி அக்கா கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"எங்கண்ணன் வந்து பாத்துட்டு, போட்ட எலையில கை நனைக்காம போயிட்டுது பாய். படத்துல எங்கண்ணன் இல்ல."

"ஆல்பத்துல இருக்காரேம்மா" என்றார் அத்தா.

"அதையுஞ் சொன்னேன். பொட்டியில வைக்கற ஆல்பத்துல நா கீறன், நாலு பேரு பாக்குற செவுத்துல நா இல்லன்னுது. எங்க மச்சாண்டாரு உலகநாதன் ரெண்டு எடத்துல நிக்கறாரு. சீரு கொண்டாந்தவன் ஒரு எடத்துலகூட இல்லியான்னுது."

அதுவும் உண்மைதான். தனக்கொடி அக்கா புருஷனின் அண்ணன் உலகநாதன் வரிசைக்கு முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்திருக்கிறார். ஒரு படத்தில் முன்னாலும் அடுத்ததில் பின்னாலும் விழுந்து, ஒட்டும்போது இரண்டு பேராகிவிட்டார்.

"தட்டக் கையில வச்சிக்கினு உங்க போட்டோ புடிக்கிற பொண்ணுக்குப் பக்கத்துலயே நின்னு, 'எடும்மா'ன்னு சொன்னுச்சாம். மேளச் சத்தத்துல காதுல வுழலன்னே வச்சிக்கலாம். ஆனா மூஞ்சத் திருப்பிக்கினு போயிடுச்சாம். நாந்தான் சொல்லிக் குடுத்து அப்படிப் பண்ண வச்சேனாம்."

அத்தா என்னைப் பார்த்தார். "ஆல்பத்துலேருந்து அவர வெட்டி இதுல சேத்துடு ஷைஸ்தா. ஒரு மணி நேர வேலை."

எனக்கும் அதுதான் தோன்றியது. ஆனால் வெண்ணிலா அக்கா பலகை வெட்டும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"வேணாம் பாய். எடுக்கவே இல்லன்னு அவருக்குத் தெரியும். இப்ப ஒட்டுனா, தங்கச்சி திருட்டுத்தனம் பண்றான்னு இன்னும் உறுதியாயிடும்" என்றாள். பிறகு தனக்கொடி அக்காவிடம், "நா வந்து சொல்றேங்க்கா, ஏன் எடுக்கலன்னு" என்றாள்.

நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, வேறு ஏதாவது காரணம் சொல்லலாமே என்றேன். லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தேன் என்று சொல்லலாம், கார்டு நிறைந்துவிட்டது என்று சொல்லலாம். அவள் யோசித்தாள். "அதையெல்லாம் அந்த ஆளு நம்புவாரா?" என்று கேட்டாள்.

என் ஸ்கூட்டியில்தான் பாகூர் போனோம். தனக்கொடி அக்கா முன்பே பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். சிங்காரவேலு வாசலில் டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்தும் வா என்று சொல்லவில்லை.

"சீரு வந்த டிராக்டரு இதான். இதுவாவது படத்துல கீதா?"

"கீதுண்ணே. முன் சக்கரம் மட்டும்" என்றார் தனக்கொடி அக்கா.

"என்னவிட அது கொடுத்து வச்சது."

வெண்ணிலா அக்கா முன்னால் போனாள். "தப்பு என்னுதுண்ணே. நீங்க என் வலது பக்கம் நின்னீங்க. அந்தப் பக்கம் எனக்குத் தெரியாது."

"இன்னா தெரியாது? திரும்பிப் பாத்தா தெரியும்."

"திரும்பணும்னு எனக்குத் தெரியலண்ணே. அங்க ஒருத்தரு நிக்கறாருன்னு தெரிஞ்சாதான திரும்புவேன். என் கண்ணு ரெண்டு பக்கமும் மூடிக்கினு வருது."

அவர் தண்ணீர் ட்யூபைக் கீழே போட்டார். அவளை நேராகப் பார்க்கச் சொல்லி, அவள் காதுக்குப் பக்கத்தில் கையை நீட்டினார்.

"இப்பத் தெரியுதா?"

"இல்லண்ணே."

கையைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தார். "இப்ப?"

"இல்ல."

"இப்ப?"

"வுடுங்க, போதும்" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி சொன்னார். அவர் விடவில்லை. கை அவள் மூக்குக்கு முன்னால் வந்த பிறகுதான், "இப்பத் தெரியுது. பச்சக்கல்லு மோதிரம்" என்றாள்.

அவர் கையை இறக்கினார். தங்கைப் பக்கம் திரும்பி, "ஏன் தனம், உனுக்கு வேற ஆளே கெடைக்கலியா? கண்ணு தெரியாத பொண்ணத்தான் என் சீர எடுக்க அனுப்புவியா?" என்றார்.

"இதுவும் என் தலையிலதானா?" என்றார் தனக்கொடி அக்கா. "எனக்கே இப்பத்தான்ணே தெரியும். அந்தப் பொண்ணு தன் சோத்துல தானே மண்ணப் போட்டுக்கினு வந்து நிக்குது. உனுக்கு இன்னம் உன் சீருதான் பெருசா கீது."

தரையில் கிடந்த ட்யூபிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மனைவி வந்து குழாயை மூடினார்.

"அந்தத் தட்டு இருக்காண்ணே?" என்று வெண்ணிலா அக்கா கேட்டாள்.

அவர் உள்ளே போனார். திரும்பி வந்தபோது அன்றைக்குக் கட்டிய பட்டுக்கரை வேட்டியும் அதே சட்டையும் போட்டிருந்தார். தட்டில் அவர் மனைவி வீட்டிலிருந்த வாழைப்பழத்தையும் ஒரு தேங்காயையும் வைத்துக் கொடுத்தார்.

"எங்க நிக்க?"

"எங்க வேணா நில்லுங்க. பேசிக்கினே இருங்க. சத்தம் வர்ற பக்கம் நா வர்றேன்."

"இன்னா பேசறது?"

"எது வேணாலும் பேசுங்கண்ணே."

முதலில் கரும்பு வெட்டு ஆளைப் பற்றி ஏதோ சொன்னார். பிறகு பேச்சு தானாகவே வாட்ஸப் பத்திரிகைக்குப் போனது. டவுனில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது அது வந்ததாம். பக்கத்தில் இருந்தவன் எட்டிப் பார்த்து, "இன்னா வேலு, தங்கச்சி வூட்டு விசேஷமே போன்லதான் தெரியுமா உனுக்கு?" என்று கேட்டானாம். அப்பா செத்த பிறகு அவளுக்குத் தான்தான் அப்பா என்று நினைத்திருந்ததாகச் சொன்னார். அவர் குரல் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தது. வெண்ணிலா அக்கா அந்தக் குரலைச் சுற்றி வந்தாள். ஒரு காலடி வைத்து ஒரு படம், குந்தி ஒரு படம், தட்டுக்கு மேலே கையைத் தூக்கி ஒரு படம். தனக்கொடி அக்கா டிராக்டர் சக்கரத்தில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் படங்களை நீளப் படத்தின் முன் நுனியில் ஒட்டினாள். அதில் சிங்காரவேலுவுக்கு நேர்முகம் ஒன்று, பக்கவாட்டு முகம் ஒன்று, தட்டைப் பிடிக்க மூன்று கை. எல்லாவற்றிலும் வாய் திறந்திருந்தது. அவர் தங்கை வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். "தங்கச்சியத் திட்டுறதயே படமா மாட்டி வச்சிக்கீது பாரு" என்று சொல்லிவிட்டு, கை கழுவி இலையில் உட்கார்ந்தார் என்று தனக்கொடி அக்கா போனில் சொன்னார். சொல்லும்போது அழுதார்.

சிங்காரவேலுதான் அவள் கண்ணைப் பற்றி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார், கெட்ட எண்ணத்தில் இல்லை. "தங்கச்சி மச்சாண்டாரு ரெண்டு பேருதான், எனக்கு மூணு கை" என்று சிரித்துவிட்டு, "இதுல ஆச்சரியம் இன்னான்னா, எடுத்தது கண்ணு தெரியாத பொண்ணு" என்று முடிப்பாராம். அது பாகூரிலிருந்து தவளக்குப்பம் வரை போனது. "வேற ஆள அனுப்புங்க பாய், ஒருக்காதான் வர்ற விசேஷம்" என்று கேட்கத் தொடங்கினார்கள். அத்தா இரண்டு மூன்று பேரிடம் வாதாடினார். பிறகு அவளிடம், "நா இன்னாம்மா பண்றது?" என்றார். கேமரா எழிலரசனிடம் போனது.

காசம்மாள் ஒருநாள் கடைக்கு வந்தார். "ஊருக்கெல்லாம் சொல்லிக்கீற. எனக்குச் சொல்லல. நா பாட்டுக்குக் கீரைய ஆஞ்சிக்கினு கெடந்தேன்" என்றார். வெண்ணிலா அக்கா தலையை நிமிர்த்தாமல் பலகையை வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் கையில் இருந்த சாப்பாட்டு டப்பாவை அவளுக்கு நேர் எதிரே, நன்றாகத் தெரியும்படி வைத்துவிட்டுப் போனார்.

இப்போது எழிலரசன் எடுத்து வருகிறான், அவள் ஒட்டுகிறாள். அவன் அவசரக்காரன். படத்துக்கும் படத்துக்கும் நடுவில் இடம் விட்டுவிடுவான். "இங்க யாரோ நின்னுருக்காங்கடா, தோள்பட்ட தெரியுது. யாரு?" என்று கேட்பாள். அவனுக்கு ஞாபகம் இருக்காது. அவள் அந்த இடைவெளியை மூடாமல் வெள்ளையாகவே விடுகிறாள். வாங்குகிறவர்கள் சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். அத்தாவும் சொல்லிப் பார்த்துவிட்டார்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு அவள் விழுப்புரம் ரோட்டைக் கடக்க வேண்டும். கையைப் பிடித்தால் உதறிவிடுவாள். ஓரத்தில் நின்று, இடது கோடியிலிருந்து வலது கோடிவரை தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புகிறாள். முன்பு பார்த்ததில் பாதியைத் திரும்பவும் பார்த்துத்தான் அடுத்ததற்குப் போகிறாள். முன்பெல்லாம் மூன்றில் ஒரு பங்கு போதும் என்பாள். அவள் வலது கோடிக்கு வருவதற்குள் இடது பக்கம் ஒரு லாரி வந்துவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறாள். நான் கடைப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்குள் அவள் ஏற வேண்டிய பஸ் ஒன்று எதிர்ப்பக்கம் வந்து நின்று, போய்விட்டிருக்கும்.