உத்தரத்தில் கட்டியிருந்த மஞ்சள் முடிப்பு

இதை எழுதலாமா கூடாதா என்று பல வருஷம் இழுத்துக்கொண்டே வந்தேன். ஒரு வரிகூட எழுதாதே என்று வக்கீலே சொல்லியிருந்தார். ஏன் சொன்னார் என்பது போகப் போகத் தெரியும். இப்போது அந்த வீடு என் கையில் இல்லை. எழுதினால் யாருக்கும் கெடுதல் வராது. மாரியம்மன் மேல் பாரத்தைப் போட்டு ஆரம்பிக்கிறேன்.

ராசிபுரத்தில் எனக்கு நெய் வியாபாரம். சந்தைகளில் வெண்ணெய் வாங்கி, வீட்டில் உருக்கி, சேலத்துக் கடைகளுக்குப் போடுவேன். உருக்குகிற புகையும் வாடையும் ஆகாது என்று வாடகை வீட்டுக்காரர்கள் ஒருவர் மாற்றி ஒருவராக எங்களைக் கிளப்பிவிட்டார்கள். சொந்தமாக ஒரு ஓட்டு வீடு வேண்டும். நானும் என் மனைவியும் அம்மனிடம் கேட்டது அது ஒன்றுதான்.

எங்களைப் போன்றவர்கள் அப்போது போக்கியத்துக்குப் போவதுதான் வழக்கம். வீட்டுக்காரருக்கு ஒரு தொகை கொடுத்துவிட்டு அவர் வீட்டில் குடியிருப்போம். வாடகையும் இல்லை, வட்டியும் இல்லை. அவர் பணத்தைத் திருப்புகிற அன்று நாங்கள் வீட்டைத் திருப்ப வேண்டும். கடலைக்காய் விலை விழுந்து குடியானவர்கள் தவித்த காலத்தில் போக்கியத்துக்கு வீடுகள் மலிந்து கிடந்தன. பிறகு குடியானவர்களின் கடனைக் குறைக்கச் சட்டம் வந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று எங்கள் கடைவீதியில் யாருக்கும் சரியாகத் தெரியாது. போக்கியப் பணமும் கடன்தான், அதுவும் பாதியாகப் போய்விடும் என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சே போதுமாக இருந்தது. குடியானவருக்குப் போக்கியத்தில் பணம் கொடுக்க ஆள் இல்லாமல் போயிற்று. கொடுத்தால் கிரயத்துக்குத்தான், வீட்டை அடியோடு விலைக்கு எழுதி வாங்குவதற்குத்தான்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு தரகர் வீடு கொண்டுவந்தார். பக்கத்து ஊர்க் குடியானவர் ஒருவருக்கு ராசிபுரத்தில் இருந்த ஓட்டு வீடு.

“சுத்தக் கிரயமுங்க. வில்லங்கம் ஒண்ணுமில்லீங்க” என்றார்.

விலை குறைவாக இருந்தது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. பத்திரம் பதிகிற அன்று குடியானவர் முகத்தில் வருத்தமே இல்லை. வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி, “ஊட்ட விக்கறவன் அழுவான், இல்லாட்டி சண்டைக்கு நிப்பான். இந்த மனுசன் ஏன் விருந்துக்கு வந்தவராட்டம் நின்னாராம்?” என்று கேட்டாள்.

பால் காய்ச்சிக் குடிபோன அன்று அவள்தான் அதைப் பார்த்தாள். நடு உத்தரத்தில் மஞ்சள் துணியில் முடிந்த காசு கட்டியிருந்தது. குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டு முடிந்து வைப்பது. வீட்டை அடியோடு விற்றவர்கள் பானை சட்டிக்கு முன்னால் அதைத்தான் எடுத்துக்கொண்டு போவார்கள். போக்கியத்துக்கு விட்டவர்கள் மட்டுமே எடுக்காமல் போவார்கள், திரும்பி வரப் போகிறோம் என்று.

“அவுத்து வெளிய வெச்சரலாமுங்களா?” என்றாள்.

“அடுத்தவங்க சாமிக்கு முடிஞ்சத நாம தொடறதா? பேசாத இரு.”

மறுநாளே குடியானவர் குடும்பம் குடியிருந்த தோட்டத்துச் சாளைக் குடிசைக்குப் போனேன். முடிப்பை மறந்துவிட்டு வந்துவிட்டீர்கள் என்றேன்.

குடியானவரின் மனைவி, “மறக்கலீங்க. நாங்க திரும்பி வார ஊடுதானுங்களே, அங்கயே இருக்கட்டும்” என்றாள்.

“திரும்பி வாரதா? நான் கிரயந்தானுங்க பண்ணியிருக்கறேன்!”

“காயிதத்துல கிரயந்தானுங்க” என்றார் குடியானவர். “சட்டத்துக்குப் பயந்துக்கிட்டு நீங்க அப்படி எழுதச் சொன்னீங்களாம். பணத்தக் கொண்டாந்தா திருப்பி எழுதிக் குடுப்பீங்கன்னு தரகர் சொன்னாரே?”

விலை ஏன் குறைந்தது என்று அப்போதுதான் புரிந்தது. நான் கொடுத்தது போக்கியத் தொகை. தரகரைப் பிடித்துக் கேட்டேன். “ரண்டு பேத்துக்கும் நல்லதுதானுங்க பண்ணினேன். உங்களுக்கு ஊடு, அவியளுக்கு நம்பிக்கை” என்று சிரித்தார். அவர் ஒருவரே பொய்யரா, குடியானவரும் கூட்டா என்று எனக்குத் தெளியவில்லை. கோர்ட்டுக்குப் போய் இது கடன்தான் என்று சொல்லக் குடியானவர் இப்போதே அடி போடுகிறாரோ என்றும் தோன்றியது.

சேலத்தில் வக்கீலைப் பார்த்தேன். “காகிதப்படி வீடு உங்களுது. திருப்பித் தரேன்னு ஒரு வரி எழுதினீங்கன்னா அதை வெச்சே அடமானம்னு வாதாடுவாங்க. துண்டுச் சீட்டுகூடக் கையை விட்டுப் போகக்கூடாது” என்றார்.

எழுதவும் கூடாது. அந்த முடிப்புக்குக் கீழே படுத்தால் கண் மூடவும் முடியவில்லை. கடைசியில் குடியானவரை மாரியம்மன் கோயிலுக்கு வரச் சொன்னேன். அதே தொகையைக் கொண்டுவந்தால் திருப்பி எழுதுவேன் என்று நானும், கோர்ட்டுப் படி ஏறமாட்டேன் என்று அவரும், சூடம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்தோம்.

சத்தியம் செய்தும் சந்தேகம் போகவில்லை. தெருவில் யாராவது காகிதத்தோடு வந்தால் சம்மன் என்று நினைப்பேன். குடியானவரின் மனைவியோ சந்தைக்கு வரும்போதெல்லாம் தண்ணீர் கேட்டு உள்ளே வருவாள். “தண்ணி குடிக்கற வாயி கீழ இருக்குது, கண்ணு உத்தரத்துல இருக்குது” என்று அவள் போன பிறகு என் மனைவி நொடிப்பாள். வெள்ளையடிக்கும்போதும் அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் அடித்தோம்.

உலகச் சண்டைக் காலம் வந்தது. கடலைக்காய் விலை ஏறியது, வீட்டு விலை அதைவிட ஏறியது. அதே தரகர் வந்தார். “நல்ல பார்ட்டி இருக்குதுங்க. வித்துப்போடுங்க, உங்ககிட்ட காயிதம் இருக்குதல்லோ?” என்றார். என் மனைவி அடுப்படியில் இருந்தபடியே, “அந்த முடிப்ப நீங்களே உங்க கையால அவுத்துக் குடுங்க, அப்பறம் விக்கறோம்” என்றாள். போனவர் திரும்பி வரவில்லை.

ஒரு தை மாதக் காலையில் குடியானவர் வந்தார். சாட்சிக்கு என்று இரண்டு பங்காளிகள் கூட இருந்தார்கள். அவர் மனைவி உட்காரவில்லை. உரலைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி, முடிப்பை அவிழ்த்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“என்ர முடிச்சுத்தானுங்க. ஆரும் தொடலை” என்று புருஷனிடம் சொன்னாள். அதற்குப் பிறகுதான் அவர் மடியிலிருந்து பணத்தை எடுத்தார்.

நானும் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு நோட்டாக வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அவர் மேல் நம்பிக்கை இருந்தால் அப்படிப் பார்த்திருக்கமாட்டேன். அன்றே பதிவாபீஸுக்குப் போய்த் திருப்பி எழுதிக் கொடுத்தேன்.

அந்தப் பணத்துக்கு அப்போது ராசிபுரத்தில் ஒரு மாட்டுக் கொட்டகைகூடக் கிடைக்காது. மறுபடி வாடகை வீடு, மறுபடி புகைச் சண்டை. இன்றும் அப்படித்தான். அம்மன் கொடுக்கிறபோது கொடுக்கட்டும்.

ஊரில் இதை இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ஒரு கூட்டம் என்னைத் தர்மவான் என்கிறது. இன்னொன்று சட்டத்துக்குப் பயந்து ஏமாந்தவன் என்கிறது. இரண்டும் சரியில்லை. படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் நடந்தபடியே சொல்லுங்கள். அந்த அம்மாள் முடிச்சைத் திருப்பிப் பார்த்ததைச் சொல்கிறவர்கள், நான் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததையும் விட்டுவிடாமல் சொல்லவேண்டும்.