முகம் பாக்குறவங்க பாத்துக்குங்க

ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். இன்று தெப்ராவில் என் பெயர் போட்ட லாரிகள் ஓடுகின்றன. வீட்டு முன்னறைதான் என் ஆபீஸ். ஒருநாள் அங்கிருந்த கம்ப்யூட்டர் இடமில்லை என்று நின்றுவிட்டது. மாசாயிலிருந்து ரிப்பேர்காரர் வந்தார். ஒல்லி உடம்பு, வீட்டுக்குள்ளும் மழைக்கோட்டைக் கழற்றவில்லை. எதையும் அழிக்கும் முன், சாவு வீட்டில் பெட்டியை மூடும்போது கூவுவதுபோல், “முகம் பாக்குறவங்க பாத்துக்குங்க!” என்பார். நானும் சிரித்தேன்.

சில்லறை ஃபைல்கள் போனபின், இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததில் பெரிய ஃபோல்டரைக் காட்டினார். ‘சம்பா’ என்று பெயர், மலாயில் குப்பை.

“குப்பைதானே, தூக்குங்க லா,” என்றேன்.

அவர் கூவினார். அடுப்படியிலிருந்து என் மனைவி ஓடிவந்தாள்.

“அதுல கை வெக்காதீங்க தம்பி. என் மகன் இருக்கான்.”

சிங்கப்பூர் வேலைக்குப் போகும்போது மோட்டார் சைக்கிளில் அடிபட்டு இறந்தவன். அவன் படமே வீட்டில் இருக்கக்கூடாது என்று சொல்லியிருந்தேன். நான் திறக்கமாட்டேன் என்று, அவனுடைய வீடியோக்களை அந்தப் பெயரில் ஒளித்திருக்கிறாள்.

“அப்ப எதைத் தூக்குறது, பாஸ்?”

அடுத்த பெரியது, நான் மேடைகளில் மாலை வாங்கிய வீடியோக்கள்.

“அதைத் தூக்குங்க,” என்றேன்.

அதுவரை எல்லாவற்றுக்கும் கூவிய மனிதர் இதற்குக் கூவவில்லை. சத்தமில்லாமல் அழித்துவிட்டு, மழைக்கோட்டு சரசரக்க எழுந்து போனார். இதற்கு முகம் பார்க்க யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தாரோ, என்னவோ.