சுவரைத் தாண்டாத கேபிள்

செவ்வாய்க்கிழமை மாலை நாலே காலுக்குக் கடலூரிலிருந்து போன் வந்தது. என் தம்பி உமாசங்கர் பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே இறந்துவிட்டான்.

சிதம்பரம் மேலவீதியில் கம்ப்யூட்டர் பழுதுபார்த்தே பிழைத்தவன். கடைக்குப் பக்கத்து வீட்டில் ராமாமிர்தம் மாமா படுத்த படுக்கையாக இருந்தார். அமெரிக்காவிலிருந்த மகள் தாட்சாயிணிக்கு அவர் முகத்தைக் காட்ட வேண்டும். இன்டர்நெட் தம்பி கடையில்தான் உண்டு. கடைக்கும் மாமா வீட்டுக்கும் பொதுவான சுவரில் துளைபோட்டு, வெப்கேமரா கேபிளை மாமாவின் கட்டில்வரை நீட்ட நினைத்தான். திங்கட்கிழமை சாயங்காலம் மூன்று கேபிள்களைக் கோத்துக் கடையிலேயே சோதித்தபோது படம் வரவில்லை. மாமாவின் கட்டிலருகே போய்ச் சொன்னான்.

"கேபிள் அஞ்சு மீட்டர் தாண்டுனா கேமரா செத்துப்போவுது மாமா."

"எனக்கு முன்னாடி அது போயிடும் போலருக்குடா!"

"சும்மா இருங்க. நடுவுல பூஸ்டர் வச்ச கேபிள் கடலூர்ல கெடைக்குதாம். நாளைக்கு வாங்கியாறேன். இப்பவே சுவத்துல ஓட்டைய போட்டுடவா?"

"வெளக்கு வச்சாச்சு, நாளைக்கோ செவ்வாக்கெழம. புதன்கிழம போடுடா," என்றார் மாமாவின் மனைவி சிவகாமு அத்தை.

அவன் பையிலிருந்த புதுக் கேபிளை மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். தாட்சாயிணி இன்னும் அப்பாவைப் பார்க்கவில்லை. சுவரில் தம்பி பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறான், துளை போடவில்லை.